வறண்ட வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டி

ஐதராபாத்தின் வடமேற்கே, மும்பை நெடுஞ்சாலையில் அமைந்த தொழில்நகரம் பட்டான்செரு. சோளம், கம்பு முதலிய மானாவாரிப் பயிர்களை ஆராய 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் இவ்வூரில்தான் உள்ளது. கோடையில் இங்கு வீசுவது வறண்ட அனல். இரவுப்பணி முடித்துத் திரும்பும் தொழிலாளர், தகரக் கூரையின்கீழ் பகலில் உறங்குவது எளிதன்று. குளிர்சாதனம் வாங்கக் கடன் கிடைக்கும். ஆனால் தவணை முடிந்த பின்னும் மின்கட்டணம் தொடரும்.

அந்த வறட்சியையே துணையாகக் கொள்வது வெட்டிவேர்த் தட்டி. சன்னலில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், உள்நுழையும் காற்று வேர்களிடையே புகும்போது நீர் ஆவியாகி, காற்றின் சூட்டைத் தணிக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு டன் குளிர்சாதனம் ஒரு மணி நேரத்தில் அகற்றும் வெப்பம், சுமார் ஐந்து லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சமம். இதனால் அறை குளிர்சாதன அறையைப் போலவே குளிரும் என்று கொள்ளலாகாது. ஈரக்காற்று வெளியேற எதிர்ப்புறம் திறந்திருக்க வேண்டும். தண்ணீர்ச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாடகை வீட்டினர் வீடு மாறும்போது தட்டியை உடன் எடுத்துச் செல்லலாம் என்பது கூடுதல் வசதி.

கடலூர்ப் பகுதியில் விளையும் இவ்வேர், சென்னையின் கடற்காற்றில் அதே பயனைத் தராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் நீர் மெல்லவே ஆவியாகும். அங்கு மாடிக்கு நிழல் தரும் தென்னங்கீற்றுப் பந்தலே ஏற்றது. எனினும் கீற்று எளிதில் தீப்பற்றும். அடுப்பும் மின்கம்பியும் அருகில் இருத்தல் கூடாது.

தாவரப் பொருள்களை அறிவியலும் புதிதாக நோக்குகிறது. 2019-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரத்தின் லிக்னினை நீக்கி அழுத்தி, வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்மரத்தை உருவாக்கினர். தெலங்கானா அரசும் 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்துள்ளது.

எனவே, குளிர்சாதனக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், கூரைக்கும் சன்னலுக்கும் ஆகும் செலவை வாடிக்கையாளர்கள் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. உட்புகும் வெப்பம் குறைந்தால், சிறிய இயந்திரமே போதுமானதாகலாம்; கடன் தொகையும் மாத மின்கட்டணமும் அதற்கேற்பக் குறையும்.