கரி கலந்த வடிகால் நீர்: காரைக்காலில் யாரிடம், எப்படி முறையிடுவது?

காரைக்காலில் நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆயினும் 2009-இல் கீழவாஞ்சூரில் செயல்படத் தொடங்கி, 2023-இல் அதானி குழுமத்தின் வசம் சென்ற துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக் கையாளப்படுவதால், சுரங்கப் பகுதிகளுக்குரிய வடிகால் விதிகளை இந்தக் கடைமடை மக்களும் அறிந்திருப்பது அவசியமாகிறது. திறந்தவெளிக் கரிக் குவியலின்மேல் பெய்யும் மழைநீரும் தூசு அடங்கத் தெளிக்கும் நீரும் குவியலைச் சுற்றி வெட்டிய வடிகாலில் சேர்ந்து, படிவுத் தொட்டியில் தெளிந்த பிறகே வெளியேற வேண்டும். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரையாத துகள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சுரங்கங்களுக்கு உள்ள வரம்பு. பிற தொழில்களுக்கான பொது வரம்பும் அதுவே.

வாய்க்கால் கறுத்தவுடன் கொம்யூன் பஞ்சாயத்துக்கோ சட்டமன்ற உறுப்பினரிடமோ ஓடுவதும், நிலக்கரித் தூசுக்கு எதிராகப் பல்லாண்டுகளாகக் குரல் எழுப்பிவரும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலுள்ள நாகூர்ப் பகுதியினர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவதும் காலத்தை வீணாக்கும் வழிகள். மாசு தோன்றும் இடம் காரைக்கால் எல்லைக்குள் இருந்தால், ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33அ பிரிவின்கீழ் உத்தரவிடும் அதிகாரம் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடமே இருக்கிறது.

கறுப்பு நீரைப் பாட்டிலில் பிடித்து அதிகாரியின் மேசைமேல் வைப்பது கோபத்தைக் காட்டுமே தவிர, சட்டப்படி சான்றாகாது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதிகாரி நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை எடுத்து இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் பெற்றிருந்தால் மட்டுமே அதன் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் செல்லும். ஆகவே மனுவில் நாள், நேரம், வடிகால் வாய் இருக்கும் இடம், ஒளிப்படம் ஆகியவற்றைத் தந்து, "21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்க வேண்டும்" என்று வெளிப்படையாகக் கோர வேண்டும். மனு பெற்றதற்கான ஒப்புகை இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியேறக் கூடாது.

பலரும் தொடாத இன்னோர் உரிமை 25(6) பிரிவில் உள்ளது. கழிவுநீர் வெளியேற்ற அளிக்கப்படும் அனுமதியான இசைவாணையின் நிபந்தனைகளைக் குழுமம் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பாதிக்கப்படுவோர் அதை நேரில் பார்வையிடலாம். காட்ட மறுக்கும் அலுவலரிடம் வாதாடிக் கொண்டிருப்பதைவிட, அன்றே 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு கொடுப்பது மேல். 30 நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் நீர்நிலையை மாசுபடுத்துவதற்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கும் 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், புதுச்சேரி போன்ற ஒன்றியப் பிரதேசங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்துகிறது. பழைய தண்டனைப் பிரிவைப் படியெடுத்த மனு அதனால் வலுவிழக்கும்.

குழுமம் அசையாவிட்டால், சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாட வேண்டும். காரைக்கால், நாகூர் இரண்டும் அதன் எல்லைக்குள் வருகின்றன. இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். சிக்கல் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு சேர வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். இழப்பீடு கோருவதற்கு ஐந்து ஆண்டுகள் உண்டு. ஆட்சியரிடம் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது என்பதால் இந்த ஆறு மாதக் கணக்கு நிற்பதில்லை; பதில் வரட்டும் என்று காத்திருப்போருக்கும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.