விடுமுறை நாளில் குழந்தை எங்கே?

ஐப்பசி கார்த்திகை மாதங்களில், இரவெல்லாம் ஓயாமல் பெய்த மழை விடிந்த பிறகும் விடாமல் தூறிக்கொண்டிருக்கும் வேளையில், பால் காய்ச்சுவதற்கும் முன்பாகத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து, பள்ளிகளுக்கு இன்று விடுமுறையா என்று பார்ப்பது நம் வீடுகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு திரையின் அடியில் ஓடத் தொடங்கியதும், போர்வைக்குள்ளிருந்து குழந்தைகள் எழுப்பும் ஆனந்தக் கூச்சலைக் கேட்டிராத வீடு அநேகமாக இராது. அதே கணத்தில் அடுப்படியில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர்கள், ஒரே செய்தி வீட்டுக்கு வீடு எவ்வளவு வேறுபட்டுப் பொருள்படுகிறது என்பதையும் அறிவார்கள்.

சென்ற மழைக்காலத்தில் அப்படியொரு விடுமுறை நாளன்று, எங்கள் குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, ஈரப் பாவாடையை முழங்காலுக்குக் கீழ் இழுத்து விட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோலம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் தாய் இந்தக் கட்டடத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். “ஓட்டு வீடுங்கய்யா, ஒழுகுது. பூட்டிட்டு வர மனசு கேக்கல, லீவு போட்டா நாலு வீட்டுலயும் முகம் சுளிப்பாங்க” என்று, நான் கேளாமலே, ஏதோ குற்றம் செய்துவிட்டவரைப்போல அவர் சொன்னார். லீவு விட்டது சந்தோஷந்தானே என்று சிறுமியிடம் கேட்டேன். அவள் பென்சிலை நிறுத்திச் சற்று யோசித்தாள். “பள்ளிக்கூடம் இருந்தா இன்னைக்கு முட்டை போட்டிருப்பாங்க, தாத்தா” என்றாள்.

பெற்றோர் சொல்வது என்ன?

அன்று முதல், விடுமுறைகளைப் பற்றி எனக்குத் தெரிந்த பெற்றோர் பலரிடமும் பேசிப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தகப்பனார், மழை விடுமுறையை மனப்பூர்வமாக வரவேற்கிறார். முழங்காலளவு தண்ணீரில் மூடியில்லாத சாக்கடைக் குழி எங்கிருக்கிறது என்று தெரியாமல், முன்னும் பின்னும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உருட்டிச் சென்ற ஒரு காலைப்பொழுதை அவர் இன்னும் மறக்கவில்லை. அவருடைய குறையெல்லாம், பிள்ளைகள் சீருடை அணிந்து ஆட்டோவில் ஏறிய பிறகு அறிவிப்பு வருகிறதே என்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனின் தாயோ, தேர்வு நெருங்குகையில் நழுவிப்போகும் ஒவ்வொரு நாளையும் விரல்விட்டு எண்ணுகிறார். சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்டபோது, வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளை ஓடியாடட்டும் என்றார் ஒருவர். “எனக்குச் சனிக்கிழமையும் வேலைதான் சார், பள்ளிக்கூடம் இருந்தால் நிம்மதி” என்றார், துணிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒரு பெண்மணி.

இவர்களுள் எவரும் அநியாயமாகப் பேசவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் படியில் நின்று பேசுகிறார்கள். அந்தப் படிகள்தாம் ஒரே உயரத்தில் இல்லை.

சட்டம் தன் கணக்கைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் போதனையும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் 1,000 மணி நேரமும் இருந்தாக வேண்டும். திருவாரூர்த் தேருக்கும் நாகூர்க் கந்தூரிக்கும் உள்ளூர் விடுமுறை விட்டால், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக்கப்படுவதும் இந்தக் கணக்கை நேர்செய்வதற்காகத்தான். பாடத்தின் கணக்கு இவ்வாறு சரியாகிவிடலாம். ஆனால் அடைமழையில் மாடிப்படியில் கழிந்த ஒரு பகற்பொழுதுக்கும், அன்று கிடைக்காமற்போன சோற்றுக்கும், பின்னால் வரும் எந்தச் சனிக்கிழமை ஈடாகும்?

கொலராடோவும் சென்னை ராஜ்ஜியமும்

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பள்ளி மாவட்டங்களுள் பாதிக்கு மேற்பட்டவை வாரத்துக்கு நான்கே நாள் பள்ளி நடத்துகின்றன. 1970-களின் எண்ணெய் நெருக்கடியில், பேருந்துக்கும் கட்டடத்துக்கும் ஆகும் செலவைக் குறைப்பதற்காகக் கிராமப்புறங்களில் பரவிய இவ்வேற்பாடு, பிற்காலத்தில் பெரிய ஊர்களையும் எட்டியது. டென்வர் நகருக்கு அருகிலுள்ள பிரைட்டன் பகுதியின் பள்ளி மாவட்டம் 2018-இல் திங்கட்கிழமை வகுப்புகளை நிறுத்தியபோது, வேலைக்குப் போகும் பெற்றோருக்காகத் தானே ஒரு காப்பகத்தையும் ஏற்படுத்தியது. அப்போது அதற்குக் கட்டணம் நாளொன்றுக்கு 30 டாலராக இருந்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய ஊர்களில் பெற்றோர் பெரும்பாலும் இந்த வாரத்தை விரும்புகிறார்கள் என்றும், குடும்பத்தோடு கழிக்கும் நேரம் கூடுவதை மெச்சுகிறார்கள் என்றும், ஆயினும் காலப்போக்கில் பிள்ளைகளின் படிப்பு வளர்ச்சி ஐந்து நாள் பள்ளிகளைவிடப் பின்தங்குகிறது என்றும் கண்டது. பண்ணையும் தோட்டமும், வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்குத் திங்கட்கிழமை ஒரு வரம். 30 டாலரை எண்ணிப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய குடும்பத்துக்கு அது வாரந்தோறும் தீர்க்க வேண்டிய ஒரு கடன்.

நம்முடைய சரித்திரமும் இதே பாடத்தை இதைவிடக் கடுமையாகப் போதித்திருக்கிறது. 1953-இல், ராஜாஜி சென்னை ராஜ்ஜியத்தின் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, இரண்டு வேளையாகப் பள்ளி நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார். இருக்கிற ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே இருமடங்கு குழந்தைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பது அவருடைய வாதம். மிச்ச நேரத்தில் குழந்தை பெற்றோருடன் இருந்து அவர்களுடைய தொழிலைக் கற்கலாம் என்ற பகுதியில்தான் நெருப்புப் பற்றிக்கொண்டது. சலவைத் தொழிலாளியின் மகன் வெளுக்கும் துறைக்கும், குயவரின் மகன் சக்கரத்துக்கும் திரும்பிப் போவதென்றால் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டு, பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதைக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிக்கூடம் ஒரு மணி நேரம் சுருங்கினால் அந்த ஒரு மணி நேரத்தை வீடுதான் நிரப்ப வேண்டும். வீடுகளோ ஒன்றுபோல் இல்லை. அன்றைய கிளர்ச்சியின் சாரம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

கொரோனாக் காலம் இதைக் கண்முன்னே நிரூபித்தது. 2020 மார்ச்சில் மூடிய வகுப்பறைக்கு, எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் திரும்ப வந்தது 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான். கைப்பேசியும் தனி அறையும் உள்ள வீட்டுக் குழந்தை எப்படியோ கரையேறிற்று. மற்றக் குழந்தைகளுள் பலர் கூட்டி வாசிக்கவும் மறந்தார்கள். அந்த நஷ்டத்தை ஓரளவேனும் ஈடுசெய்யத்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்கள் தெருத்தெருவாகக் கிளம்ப வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

விடுமுறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. புயல் கரையைக் கடக்கும் நாளில் குழந்தையை வெளியே அனுப்பச் சொல்பவன் மனிதனல்லன். பள்ளிக் கட்டடமே நிவாரண முகாமாகிவிடும் நாட்களும் உண்டு. ஆனால் வானிலை எச்சரிக்கை முந்திய மாலையிலேயே கிடைக்கும்போது, அறிவிப்பையும் முந்திய இரவே செய்துவிட்டால், கூலி வேலைக்குப் போகும் தாய் பக்கத்து வீட்டிலாவது சொல்லி வைக்க அவகாசம் கிடைக்கும். சாதாரண மழைக்காக வகுப்புகள் நிற்கும் நாளில், நடந்து வரக்கூடிய தூரத்துக் குழந்தைகளுக்காகச் சமையற்கூடத்தையும் ஓர் அறையையும் திறந்து வைப்பது அசாத்தியமான காரியமன்று. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியதும், 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியதும், பள்ளிக்கூடம் என்பது பாடம் மட்டுமன்று, ஒரு வேளைச் சோறும் ஒரு கூரை நிழலும் கூடத்தான் என்று இந்த நாடு ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள் அல்லவா?

இவற்றையெல்லாம் கேட்டுப் பெறுவதற்குப் புதிய ஸ்தாபனம் எதுவும் தேவையில்லை. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் இக்குழு ஒரு மாலை கூடி, விடுமுறை நாளில் வீட்டில் ஆளில்லாத குழந்தைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதட்டும். பாத்திரம் தேய்ப்பவரும் துணிக்கடையில் நிற்பவரும் வந்து பேசக்கூடிய நேரத்தில் அந்தக் கூட்டம் நடக்கட்டும்.

அன்று பதினொரு மணிக்கு, இரண்டாவது மாடி வீட்டில் கொடுத்த இட்லிகளைத் தாய் கொண்டுவந்து தந்தார். சிறுமி ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றொன்றை மாலைக்கென்று பத்திரமாக மூடி வைத்துவிட்டு, பாதியில் நின்ற கோலத்தின் அடுத்த புள்ளியை வைத்தாள். வெளியே மழை விட்டிருந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த அவளுடைய பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்தது.