டிஷ் ஆன்டெனாவுக்குப் பின்னால் ஒரு கதைப் பைத்தியம்! தெரியுமா?

★ மதுரை பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் நின்று மொட்டை மாடிகளை அண்ணாந்து பாருங்கள். எத்தனை டிஷ்! ஒன்றாவது திரும்புகிறதா? திரும்பவே வேண்டாம்! அவை குறிவைக்கும் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. அந்தப் பாதைக்கு இன்னொரு பெயர், 'கிளார்க் பாதை'!

★ யார் இந்தக் கிளார்க்? விஞ்ஞானக் கதை என்றால் சோறு தண்ணி மறக்கும் ரசிகர்! 1917இல் இங்கிலாந்தில் பிறந்த ஆர்தர் சி. கிளார்க், பள்ளி வயதிலேயே அமெரிக்கக் கதை இதழ்களைத் தேடித் தேடிப் படித்தார். தானே தொலைநோக்கி செய்து நிலாவுக்கு வரைபடமும் போட்டார்!

★ 13 வயதில் அப்பாவை இழந்தார். கல்லூரிக்குக் காசில்லை. 1936இல் லண்டனில் என்ன வேலை தெரியுமா? பென்ஷன் கணக்குத் தணிக்கை! பகலில் பென்ஷன், இரவில் ராக்கெட்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கல்லூரி போய், கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பு!

★ அந்த உயரப் பாதையில் மூன்றே செயற்கைக்கோள்கள் போதும், உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் கட்டுரை எழுதினார். கிடைத்த சன்மானம்? வெறும் 15 பவுண்டு! காப்புரிமையும் வாங்கவில்லை. 19 வருஷம் கழித்து, 1964இல், 'சின்காம் 3' செயற்கைக்கோள் அந்தப் பாதையில் போய் நின்றது!

★ 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். எதற்கு? கடலில் மூழ்கிப் பார்க்க! திருகோணமலைக் கடலடியில் என்ன கண்டார் தெரியுமா? போர்த்துகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்கள்! சம்பந்தர் பாடிய அதே தலம்!

★ இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்குத் திரைக்கதை எழுதினார். படம் வந்தது 1968இல். மனிதன் நிலாவில் கால் வைத்தது அதற்கு அடுத்த வருஷம்!

★ 1973இல் வந்த அவர் நாவலில் சுமார் 50 கி.மீ. நீள மர்ம விண்கலம் ஒன்று வருகிறது. அதன் பெயர்? ராமா! கிரேக்க, ரோமானியக் கடவுள்களின் பெயர் தீர்ந்துபோக, வானியலாளர்கள் நம்மூர் சாமிகளிடம் வந்துவிட்டார்களாம்! ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதையும் அள்ளியது இந்தக் கதை!

★ 1975. இலங்கையில் டிவி நிலையமே கிடையாது. ஆனால் கொழும்பில் கிளார்க் வீட்டில் மட்டும் டிவி ஓடியது! எப்படி? இஸ்ரோ பொறியாளர்கள் வந்து டிஷ் வைத்துக் கொடுத்தார்கள்! 30 வருஷத்துக்கு முன் தான் எழுதியதைத் தன் வீட்டிலேயே பார்த்த எழுத்தாளர் வேறு யார்?

★ கடைசியாக ஒன்று! 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்ற ரோபோ நாயை உலவவிட்ட நம் எழுத்தாளர் சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. கிளார்க் மறைந்தது? அதே வருஷம் மார்ச் 19! இடைவெளி வெறும் 21 நாள்!

உங்கள் வீட்டுப் பிள்ளை பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்துப் படிக்கிறதா? பிடுங்கிவிடாதீர்கள்! இன்னொன்று வாங்கிக் கொடுங்கள்!