சங்கிலிப் பற்சக்கரத் தெரிவு

சங்கிலிப் பற்சக்கரத் தெரிவு என்பது, சங்கிலியால் இயங்கும் ஊர்தியின் முன், பின் பற்சக்கரங்களில் எத்தனை பற்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதாகும். பட்டறைகளில் இச்சக்கரம் ஸ்பிராக்கெட் எனப்படுகிறது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு பந்தய ஊர்தி மேடு ஏறுமா, சமதளத்தில் எவ்வளவு வேகம் எட்டும் என்ற இரண்டையும் இத்தெரிவு பெரிதும் தீர்மானிக்கிறது.

அடிப்படை

பின்பற்களின் எண்ணிக்கையை முன்பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சங்கிலி விகிதம் ஆகும். விகிதம் கூடினால் சக்கரத்தில் முறுக்குவிசை கூடும். வேகம் அதே அளவில் குறையும். பற்சக்கரம் எந்திரத்தின் திறனைக் கூட்டுவதில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற மட்டுமே உதவுகிறது.

புல்லட் எடுத்துக்காட்டு

1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் வடசென்னையின் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. அதன் பழைய வகைகளில் 38 பற்கள் கொண்ட பின் பற்சக்கரமும் தடுப்பு உருளையும் ஒரே வார்ப்பாக அமைந்திருந்தன. எனவே விகிதத்தை மாற்ற முன் பற்சக்கரத்தை மாற்றுவதே எளிய வழியாக இருந்தது. முன்னால் 16 பற்கள் எனில் விகிதம் 2.38; 17 எனில் 2.24, 18 எனில் 2.11. முன்னால் ஒரு பல் கூட்டுவது, பின்னால் ஏறத்தாழ இரண்டு பற்கள் குறைப்பதற்குச் சமம்.

போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் 1950களிலிருந்து பந்தயங்கள் நடைபெற்றன. அத்தகைய நீண்ட நேர்த்தளத்திற்குக் குறைந்த விகிதம் ஏற்றது. எண்ணூர்க் கடற்கரை மணல் போன்ற தளர்ந்த நிலத்திற்கு உயர்ந்த விகிதம் தேவை.

கணக்கிடும் முறை

பொறியியல் மாணவர்களுக்கான பாஹா எஸ்ஏஈ போட்டியில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகை எந்திரம் தரப்படுவது வழக்கம். ஆகவே விகிதத் தெரிவு அங்கு முதன்மை பெறுகிறது.

ஓட்டுநருடன் 250 கிலோ எடையுள்ள ஊர்தி 30 பாகைச் சரிவில் ஏற வேண்டும் எனக் கொள்வோம். தேவையான விசை ஏறத்தாழ 1225 நியூட்டன். சக்கர ஆரம் 0.28 மீட்டர் எனில், முறுக்குவிசை 343 நியூட்டன்-மீட்டர். எந்திரம் 18 நியூட்டன்-மீட்டர் தருமானால், 15 விழுக்காடு இழப்பையும் சேர்த்து, மொத்த விகிதம் 22.4 ஆக இருக்க வேண்டும். மண்ணின் உருளல் தடை இதில் சேரவில்லை.

இவ்விகிதம் மட்டும் இருந்தால், எந்திரம் நிமிடத்திற்கு 3800 முறை சுழன்றாலும் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரே. எனவே மாறுவிகிதப் பெட்டி தேவைப்படுகிறது. அது 3 முதல் 0.9 வரை தருமானால், சங்கிலிப் பகுதி 7.5 தர வேண்டும். அப்போது கணக்குப்படி உச்ச வேகம் மணிக்கு 59 கிலோமீட்டர். ஒரே கட்டத்தில் இதைப் பெற 12 பல்லுக்கு 90 பல் வேண்டும். அது மிகுந்த இடத்தை அடைக்கும். 12-க்கு 33 என இரு கட்டங்களாகப் பிரித்தால் 7.56 கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

* விகிதம் குறைவாக இருந்தால் ஊர்தி மேட்டில் நின்றுவிடும் அல்லது கிளட்ச் தேயும். மிகையானால் டயர் வெறுமனே சுழலும். தரையின் பிடிமானத்தைத் தாண்டிய விசை பயன்படாது.
* மிகச் சிறிய பற்சக்கரத்தில் சங்கிலி கூர்மையாக வளைவதால் தேய்மானமும் அதிர்வும் கூடும்.
* சங்கிலிக் கண்ணிகள் பொதுவாக இரட்டைப்படையில் இருப்பதால், ஒற்றைப்படைப் பற்கள் தேய்மானத்தைப் பரவலாக்கும்.
* பற்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒருசேர மாற்றுவது நல்லது.