மாமையும் முகப்பூச்சும்

சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ‘மாமை’ என்னுஞ் சொல்லுக்கு வந்தவுடன் சற்று நின்றே மேற்செல்ல வேண்டியிருக்கிறது. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் காட்டிய பொருளைச் சொல்லிவிடலாம். ஆயின், மாந்தளிரை மரத்திலே கண்டு பழகாத மாணவர்க்கு அவ்வளவிற் பொருள் விளங்காது. கொழுந்து விட்டிருக்கும் மாமரத்தின் கீழ் அவர்களை நிறுத்திக் காட்டினால், கருமையுஞ் செம்மையும் ஒன்றினுள் ஒன்று கலந்து, நெய் பூசினாற்போல மினுங்கும் அவ்விளந்தளிரே பழந்தமிழ்ப் புலவர் தலைவியின் மேனிக்குக் கண்ட உவமை என்பது சொல்லாமலே விளங்கும். கரிய மேனியாளை ‘மாயோள்’ என்று பாராட்டும் வழக்கும் அப்பாட்டுக்களில் உண்டு. அந்த நிறம் கெடுவதே அவர்க்குத் துன்பம். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் படைத்த தலைவி, தன் மாமை அழகைப் பசலை உண்டுவிடுகிறதே என்றுதான் ஏங்குகிறாள். வள்ளுவரும் இந்நிற வேறுபாட்டிற்கென்றே காமத்துப்பாலில் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். பருவரல் என்பது துன்பம்.

பசலையை இன்றைய வெண்மையோடு ஒன்றாகக் கொள்ளலாகாது என்று நண்பர் சிலர் தடுத்துரைக்கலாம். உண்மையே, அது பீர்க்கம்பூவின் மஞ்சளைச் சார்ந்த ஒரு வெளிறல். முகத்தை மதியோடு உவமித்தாரல்லரோ எனவுங் கேட்கலாம். அவ்வுவமை ஒளியும் வடிவும் பற்றியது என்றே யான் கொள்வேன். எவ்வாறாயினும், தன் இயல்பான நிறம் வெளிறிப் போவதைப் பேறென்று மகிழ்ந்த தலைவி ஒருத்தியை யான் சங்கப் பாட்டிற் கண்டதில்லை. அவ்வெளிறலைப் பணங் கொடுத்து வாங்குங் காலம் இது.

இதனை எழுத நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அண்மையில் எம் மாணவியருள் ஒருத்தியின் கன்னங்கள் திட்டுத் திட்டாக வெளிறி, வெயிலிற் சிறிது நின்றாலும் தீயிற் காட்டியதுபோலச் சிவந்து எரிவதைக் கண்டேன். வினவியபோது, தமக்கையின் கலியாணத்திற்கு முகம் வெளுக்கவென்று ஒரு சிறு டப்பியில் வாங்கிய கிறீமைச் சில மாதங்களாகப் பூசி வருவதாகச் சொன்னாள். அந்த டப்பியிற் செய்தவர் பெயர் இல்லை. சேர்க்கப்பட்ட பொருள்கள் எவை என்பதும் இல்லை. மருந்தும் ஒப்பனையும் அறியாத தமிழாசிரியன் இதற்கு என்ன சொல்லக்கூடும்? என்னிடம் முன்னர்ப் படித்து, இன்று அழகுக்கலை நிலையம் ஒன்றைத் தாமே நடத்திவரும் அம்மையார் ஒருவரைத் தேடிச் சென்றேன். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றவர். மணப்பெண் அலங்காரத்தில் ஊரறிந்த கைகாரி. அவர் கூறியவற்றையும், அதன்பின் யான் படித்தறிந்தவற்றையும் சேர்த்தே ஈண்டு எழுதுகிறேன்.

அவருடைய நிலையத்தில் முதல் வேலை பூசுதலன்று, கேட்டல். நாற்காலியில் இருத்தி, விளக்கொளியில் உருப்பெருக்குங் கண்ணாடி வைத்து முகத்தைப் பார்ப்பார். பின்னர், இதுகாறும் என்னென்ன பூசினீர் என்று ஒன்றும் விடாது கேட்பார். தலைக்கு வைக்கும் எண்ணெயையுங் கேட்பார். நெற்றியோரத்தில் மட்டும் பருக்கள் நிரைநிரையாக எழுந்திருந்தால், தலையில் அளவுக்கு மிஞ்சி வைத்த எண்ணெய் வழிந்து மயிர்த்துளைகளை அடைத்திருத்தல் கூடுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது மிகுதி என்றார். தலைக்கு எண்ணெய் வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. இரவில் நெற்றியைத் துடைத்துவிட்டுப் படுக்கவும், தலையணை உறையை அடிக்கடி தோய்க்கவுஞ் சொல்கிறார்.

“பண்டிதர் ஐயா, நான் பூசிக் குடுத்துத் தேறின முகம் கொஞ்சம், பூசாதேங்கோ எண்டு சொல்லித் தேறின முகம்தான் கனக்க” என்றார். அவர் மொழியை மாற்ற மனம் வராமையால் அப்படியே தந்தேன்.

அவ்வார்த்தையின் உண்மை தோலின் அமைப்பை அறிந்தார்க்குத் தெளிவாகும். மேற்றோல் அடியிலிருந்து புதுக் கலங்களைப் பிறப்பித்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இளவயதில் ஏறக்குறைய நான்கு கிழமைகளில் ஒரு முறை அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆதலின் எந்தப் பூச்சின் பயனையும் மூன்று நாளில் தேடுவது வீண். மேற்றோலின் உச்சியில், இறந்த கலங்கள் கொழுப்பினாற் பிணைக்கப்பட்டுச் சுவர்போல் அடுக்கப்பட்ட மெல்லிய படை ஒன்று உண்டு. உடலின் நீரை வெளியே போகவிடாமலும், வெளியிலுள்ள தீங்கை உள்ளே வரவிடாமலுங் காப்பது அதுவே. அது சற்று அமிலத்தன்மை உடையது. நாம் தேய்க்கும் வழக்கமான சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்று நீர் வன்னீராதலால் சவர்க்காரம் நன்கு நுரைப்பதில்லை. மேலும் மேலும் தேய்க்கிறோம். அழுக்குப்போற் படியும் மிச்சமும் தோலில் தங்குகிறது. நாளுக்கு இருமுறை, மென்மையான சவர்க்காரத்தாலோ நன்றாய் அரித்த பயற்றம் மாவினாலோ கழுவி, துவாயால் உரசாமல் ஒற்றி எடுத்தலே போதும் என்பது அம்மையார் முடிபு. கழுவிய ஈரம் முற்றும் உலருமுன் வாசனையற்ற ஈரங்காக்கும் பூச்சொன்றைச் சிறிது தடவலாம். விலையுயர்ந்தது வேண்டுவதில்லை.

மூக்கின் மேற் காணப்படும் கரும்புள்ளிகளை அழுக்கென்று எண்ணிப் பிள்ளைகள் உரஞ்சித் தேய்க்கின்றனர். அவை அழுக்கல்ல. துளையில் அடைபட்ட கொழுப்பும் நிறப்பொருளும் காற்றுப்பட்டுக் கறுத்தவையே அவை. நம்மவர் தோலுக்கு இன்னும் ஓர் இயல்பு உண்டு. பருவைக் கிள்ளினாலும், கரகரத்த பொருளால் தேய்த்தாலும், எரிச்சல் உண்டாகும்படி எதைப் பூசினாலும், புண் ஆறிய பின் அவ்விடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளையர் முகத்திற்கென்று எழுதப்பட்ட கடுஞ் சிகிச்சைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது என அவர் எச்சரிப்பது இதனாலேயே. பருவிற் பற்பசை வைப்பதும் இவ்வகைப் பிழைகளுள் ஒன்று.

வீட்டுப் பொருளெல்லாம் தீங்கற்றன என்று எண்ணுவாரும் உளர். தேசிக்காயை நறுக்கி முகத்தில் உரசுவது நம் பெண்பிள்ளைகளிடையே பரவிய பழக்கம். தேசிச்சாற்றிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டவுடன் தோலைச் சுடவல்லன. சிவந்து, சிலவேளை கொப்புளித்து, பின் கபில நிறத் தழும்பாக நெடுநாள் நிற்கும். வெளுக்க எண்ணிச் செய்வது கறுக்கச் செய்கிறது! தேசிக்காய் கறிக்கும் பானத்திற்கும் உரியது, முகத்திற்கு உரியதன்று. மஞ்சளைப் பற்றிக் கேட்டேன். மரபையொட்டி இலேசாகப் பூசுவதை அவர் தடுக்கவில்லை. ஆயின் எரிவோ தினவோ தோன்றினால் மரபென்று கருதித் தொடரவேண்டாம் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

எல்லாவற்றிலும் அவர் வற்புறுத்துவது வெயிற்காப்பு. ஞாயிற்றின் கழியூதாக் கதிர்களுள் ஒருவகை தோலைச் சுடுகிறது. மற்றொருவகை இன்னும் ஆழச் சென்று சுருக்கத்தையும் கறுப்பையும் விளைக்கிறது. பின்னது முகிலையும் யன்னற் கண்ணாடியையும் ஊடுருவ வல்லது. வெயிற்காப்புக் கிறீம்களில் ‘எஸ்.பி.எப்.’ என்று எண் இட்டிருப்பர். 30 எனும் எண்ணுடையது சுடுங் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தையும், 50 உடையது ஏறக்குறைய 98 சதவீதத்தையும் தடுக்கும். வேறுபாடு அத்துணையே, எனவே பெரிய எண்ணுக்குப் பெரிய விலை கொடுத்து மிளகளவு பூசுவதிலும், 30 உடையதை இரு விரல் நீளத்திற்குப் பிதுக்கி முகத்திற்குங் கழுத்திற்கும் பூசி, வெயிலில் நிற்கும் நாளில் இரண்டு மணிக்கு ஒருமுறை புதுப்பிப்பது மேல். அதுவும் வாங்க இயலாதார்க்குக் குடை இருக்கிறது. குடை பிடிப்பது முதியோர் வேலை என்று நம் மாணவர் கருதுவது எவ்வாறு வந்ததோ அறியேன்.

இனி அந்த டப்பிக்கு வருவோம்.

மனிதர் எந்நிறத்தவராயினும், நிறம் ஆக்கும் கலங்களின் தொகை எல்லார் தோலிலும் ஏறக்குறைய ஒன்றே. அக்கலங்கள் ஆக்கும் மெலனின் என்னும் பொருளின் அளவும் வகையுமே கறுப்பையும் வெளுப்பையும் வேறுபடுத்துகின்றன. மெலனின் கழியூதாக் கதிரை ஓரளவு உறிஞ்சி உட்கலங்களைக் காப்பது; வெயில் நாட்டினர்க்கு இயற்கை அளித்த குடை எனலாம். முகம் வெளுக்கச் செய்வதாகச் சொல்லும் மறைவான கிறீம்களில் பல, இக்குடையைக் கிழிப்பனவே. அவற்றிற் சேர்க்கப்படும் பொருள்களுள் மிகக் கொடியது இரசம். இரச உப்புக்கள் மெலனின் ஆகும் வழியை அடைக்கின்றன. முகம் சில கிழமைகளில் வெளுக்கவுஞ் செய்யும். பூசியவள் மகிழ்வாள். அதற்குள் இரசம் தோலினூடே குருதியிற் கலந்து சிறுநீரகத்தைப் பற்றும். நடுக்கமும் மறதியும் உறக்கமின்மையும் உண்டாகும். பூசியவளோடு அது நிற்பதில்லை. துவாயிலும் தலையணையிலும் ஒட்டி, ஆவியாகி, அவ்வீட்டிலுள்ளாரையும் சாரும். தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் மதலையையும் சாரும்.

இரச நஞ்சின் கொடுமையை உலகம் அறிந்தது யப்பானிய ஊராகிய மினமாத்தாவினாலாகும். தொழிற்சாலை கடலில் விட்ட இரசக் கழிவு மீன்வழியாக மக்களை அடைந்து விளைத்த நோய், அங்கே 1956 இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013 இல் நாடுகள் உடன்படிக்கை ஒன்று செய்தன. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் இரசங் கலந்த ஒப்பனைப் பொருளை 2020 உடன் ஒழிப்பதென்று அது முதலில் விதித்தது. சிறிதளவுக்கு இடங்கொடுத்த அவ்விதி போதாதெனக் கண்டு, இரசஞ் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவுமே 2025 இன் பின் செய்யவோ நாடு கடத்தி விற்கவோ கூடாதென 2023 இல் முடிவு செய்தனர். விதி உண்டு; பெயரில்லாத டப்பிக்கு விதி ஏது?

இரசமில்லாதவற்றில் வேறு கேடு. மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாத வலிய ஸ்ரெரொயிட்டு மருந்துகளை, குளோபெற்றசோல், பீற்றாமெதசோன் முதலியவற்றை, சிலர் கிறீமிற் கலந்து விற்கின்றனர். முதற்கிழமை முகம் பளபளக்கும். தொடர்ந்து பூசினால் தோல் கடதாசிபோல் மெலியும்; சிறு குருதிக் குழாய்கள் வெளியே தெரியும்; பருக்கள் எழும். நிறுத்தினாலோ முன்னிலும் மோசமாகச் சிவந்து எரியும். அதற்கு அஞ்சி மீண்டும் பூசுவர். எம் மாணவியின் நிலை இதுவாக இருக்கலாம் என்று அம்மையார் ஐயுற்றார். ஐயுற்றாரேயன்றித் தாம் மருந்து கொடுக்கவில்லை. டப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னார். நெடுநாள் பூசியதை எப்படி விடுவது என்பதையும் வைத்தியரே சொல்லவேண்டும் என்றார். தம் கலையின் எல்லையை இவ்வளவு தெளிவாக அறிந்தவரை எம்போன்ற புலமைத் தொழிலாரிடையிலும் யான் அதிகம் கண்டதில்லை.

வெளுப்பு வேட்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஈயவெள்ளையைப் பூசியே அயர்லாந்தில் வளர்ந்த அழகி மரியா கன்னிங் 1760 இல், இருபத்தேழாம் வயதில் இறந்தாள் எனச் சொல்வர். நம் பக்கத்திலோ, 1975 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஃபெயர் அன்ட் லவ்லி’ என்னும் கிறீம், வெண்மையைக் குறிக்கும் முதற்சொல்லை 2020 இலேயே தன் பெயரிலிருந்து நீக்கியது. சொல் நீங்கிற்று. மணமகள் தேவை விளம்பரங்களில் ‘வெள்ளை நிறம்’, ‘சிவந்த நிறம்’ என்பன நீங்கினவா என்று வாசகர்களே பார்த்துக்கொள்க. ஒரு பெண்ணின் கல்வியை ஓரடியிலும் நிறத்தை ஈரடியிலும் எழுதும் பெற்றோர், டப்பி விற்பவனை மட்டும் நோவது நீதியன்று.

அம்மையார் சொன்ன செய்தி ஒன்று இதனோடு சேரும். ஆறு கிழமையிற் கலியாணம் வைத்துக்கொண்டு ஒரு தாய் மகளை அழைத்து வந்தாராம். மாமியார் வீட்டார் முன் பிள்ளை இரண்டு நிறமாவது கூடித் தெரியவேண்டும் என்பது கோரிக்கை. “அம்மா, பிள்ளையின்ரை நிறத்திலை பழுது ஒண்டும் இல்லை; பழுதில்லாததை நான் என்னெண்டு திருத்திறது?” என்று இவர் கேட்டிருக்கிறார். தாய் எழுந்து மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அலங்காரக் கூலியும் போயிற்று. இத்தகைய இழப்பு ஆண்டில் எத்தனை என்று கேட்டேன். சிரித்தாரேயன்றி எண்ணிச் சொல்லவில்லை.

தம்மிடம் தங்கும் மணப்பெண்களுக்கு அவர் செய்வது வேறு. கலியாணத்திற்கு மூன்று மாதம் முன்னரே வரச் சொல்கிறார். கழுவுதல், ஈரங்காத்தல், வெயில் மறைத்தல் என்ற மூன்றையுமே அப்போது பழக்குகிறார். அலங்கார நாளில் இடும் பூச்சின் நிறத்தைக் கையிலன்றித் தாடையோரத்தில், விளக்கொளியிலன்றிப் பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்க்கிறார். கடைகளிற் கிடைப்பன பெரும்பாலும் வெளிர் நிறங்களாதலின், இரண்டு மூன்றைக் கலந்து அப்பெண்ணின் நிறத்தையே தாம் ஆக்கிக்கொள்கிறார். முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாய் மணவறையில் இருத்துவது அவருக்குப் பொறுக்காது. புதிய பூச்சு எதனையும் முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி, சில நாள் தொடர்ந்து பார்த்த பின்னரே முகத்திற்கு ஏற்றுகிறார். கலியாணத்திற்கு முந்திய கிழமையில், எவர் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், புதிதாக ஒன்றையும் முகத்தில் வைக்க விடுவதில்லை.