எந்த ரூபாய் செல்லும், யாரைக் கேட்பது?

தென்னாசியாவுக்கு ஒரு பொது நாணயம் வேண்டும் என்று அப்போதைய இந்தியப் பிரதமர் வாஜ்பாயி 2003 இன் இறுதியில் பேசினார். சில நாள் தலையங்கங்களில் அடிபட்டு அந்தப் பேச்சு அடங்கிப்போனது. 2022 ஏப்ரல் 12 ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லை என்று கொழும்பு கைவிரித்த பிறகு அதுவே வேறு உருவில் திரும்பி வந்தது. டொலர் புழங்கும் அளவுக்கு இந்திய ரூபாயும் இலங்கையில் புழங்கவேண்டும் என்று 2023 ஜூலையில் அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சொன்னார். 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூபிஐ கட்டண முறை இலங்கைக் கடைகளுக்கு வந்தது. இவை எதுவும் பொது நாணயம் ஆகாது. இந்திய ரூபாயை வாங்கிக்கொள்வது வேறு, இலங்கை ரூபாயையே விட்டுவிடுவது வேறு. ஆனால் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழி, யாரும் கவனிக்காமலே நடந்து கடந்துவிடக்கூடிய வழி. இலங்கை அதில் ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறது. அப்போது குடிமக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி அப்படி ஒரு நிலை வந்தால் சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் நடக்கக்கூடாது. அந்த வாக்கெடுப்பிலும் வாக்காளர் முன் வைக்கவேண்டிய கேள்வி நோட்டில் யார் படம் இருக்கும் என்பதல்ல, வட்டியையும் மாற்று விகிதத்தையும் முடிவுசெய்யும் மேசையில் யார் இருப்பார்கள் என்பதுதான்.

மன்னாருக்குத் தெற்கே, இன்று முசலிப் பிரதேசத்தில் இருக்கும் கொண்டச்சிக் குடா, இலங்கை அந்த வழியில் போன கதைக்கு நல்ல சாட்சி. அக்காலத்தில் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடக்கும் சில வாரங்களுக்கு அந்த வெறும் மணற்கரையில் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் சுழியோடிகளும், அக்கரைச் செட்டிமாரும் மரைக்காயர்மாரும் வந்து கூடுவார்கள். சுழியோடிகளுக்குக் கூலி காசாகக் கிடைக்காது. எடுத்த சிப்பியில் ஒரு பங்குதான் அவர்கள் கூலி. அதை அங்கேயே விற்றுக் காசாக்க வேண்டும். அந்தக் காசு எந்த நாட்டுடையது? சலாபக் குத்தகையைப் பரங்கிப்பேட்டை வராகனில் பேசினார்கள். 1802 முதல் மதராஸின் பிடியிலிருந்து விலகிய பிரித்தானிய அரசு, ஒல்லாந்தர் விட்டுப்போன வழக்கப்படி றிக்ஸ்டொலர் நாணயம் அடித்தது. சலாபத்தைப் பார்த்துக்கொள்ள அரிப்பில் மாளிகை கட்டிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த்தின் காலம் அது. 1825 இல் ஸ்டேர்லிங்கே சட்டப்படியான பணம் என்று உத்தரவு வந்தது. ஆனாலும் சந்தை லண்டனைக் கேட்டு நடக்கவில்லை. முத்து வாங்குபவன் இந்தியாவிலிருந்து வருகிறான், அரிசி அங்கிருந்து வருகிறது, மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மலைநாட்டுக்கு நடந்துபோன கோப்பித் தோட்டத் தொழிலாளிக்கும் ஊருக்கு அனுப்ப ரூபாய்தான் வேண்டும். கடைசியில் அரசு சந்தைக்குப் பின்னால் போனது. 1869 இல் இந்திய வெள்ளி ரூபாய் எந்தத் தொகைக்கும் செல்லும் என்று அறிவித்தது. 1872 ஜனவரி முதல் நூறு சதம் ஒரு ரூபாய் என்று கணக்கை மாற்றியது. சதம் இலங்கையுடையது, ரூபாய் இந்தியாவுடையது. அதுவரை நோட்டு வெளியிட்டுவந்த ஓரியன்டல் வங்கி 1884 இல் விழுந்தபோது அரசே நோட்டு அடிக்கத் தொடங்கியது. அந்த நோட்டும் இந்திய ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

இது வசதியான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. இரு கரைக்கும் ஒரே பணம் என்றால் காசு மாற்றித்தரும் வட்டக்காரனுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். 1905 சலாபத்தில் அரசுக்குக் கிடைத்த சுமார் 25 இலட்சம் ரூபாயும் இந்த ரூபாய்க் கணக்கில் வந்ததுதான். ஆனால் வசதிக்கு ஒரு விலை இருந்தது. உலகச் சந்தையில் வெள்ளி மலிந்தபோது, இரண்டு ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபாய் 1890களின் தொடக்கத்தில் ஒன்றேகால் ஷில்லிங் அளவுக்கு இறங்கியது. தேயிலையை லண்டனில் விற்றுக் கூலியை ரூபாயில் கொடுத்த துரைமாருக்கு இது கொண்டாட்டம். இங்கிலாந்துச் சரக்கு வாங்கியவர்களுக்குத் திண்டாட்டம். 1893 இல் இந்திய அரசு, வெள்ளியைக் கொண்டுவருவோருக்கு ரூபாய் அடித்துக்கொடுப்பதை நிறுத்தி, பின்னர் மதிப்பை ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸில் கட்டியது. உடனே இலாப நட்டக் கணக்கு புரண்டது. முடிவு நல்லதா கெட்டதா என்று பொருளியலாளர் வாதிடலாம். இலங்கை மட்டில் உண்மை ஒன்றுதான்: தீவின் ஒவ்வொரு கூலியையும் கடனையும் தொட்ட அந்த முடிவு, இந்தியாவின் தேவையை வைத்து, தீவுக்கு வெளியே எடுக்கப்பட்டது.

1949 ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டமும், ஜோன் எக்ஸ்டர் முதல் ஆளுநராக இருக்க 1950 ஓகஸ்ட் 28 அன்று திறந்த மத்திய வங்கியும் இந்தக் கட்டை அவிழ்த்தன. அதன் பிறகும் பல ஆண்டுகள் இரண்டு ரூபாயும் ஒரே மதிப்பில் ஓடின. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 4.76 இலிருந்து 7.50 க்கு ஒரே இரவில் இறக்கியபோது இலங்கை அதோடு சேர்ந்து இறங்கவில்லை. அதற்கு முன்பே கையில் சொந்த வங்கி இருந்ததால்தான் அந்த மறுப்பு முடிந்தது. அதே நாளில் வளைகுடாவில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். கட்டாரும் துபாயும் இந்தியா தங்களுக்கென்று 1959 முதல் அச்சிட்டுத் தந்த வளைகுடா ரூபாயைப் பாவித்துக்கொண்டிருந்தன. டெல்லியில் ஒரு கையெழுத்து விழ, அங்கே பெட்டியில் இருந்த பணத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. சில மாதங்களில் இரண்டும் சேர்ந்து சொந்த றியாலுக்கு மாறின. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று மோடி அறிவித்ததும் நேபாளத்துக் கடைக்காரர் கையில் இருந்த இந்திய நோட்டுகளும் கடதாசியாயின. அவர்கள் மோடிக்கு வாக்களித்தவர்களும் அல்ல, எதிர்த்து வாக்களித்தவர்களும் அல்ல.

இதற்கு எழும் மறுப்பு வலுவானது, தட்டிக்கழிக்க முடியாதது. சொந்த ரூபாயை வைத்துக்கொண்டு கொழும்பு என்ன கிழித்தது? 1967 நவம்பரில் இலங்கையும் தன் ரூபாயை இறக்கத்தான் செய்தது, அதோடு நிற்கவுமில்லை. ஒன்றுக்கு ஒன்றாக இருந்த இந்திய ரூபாய்க்கு இன்று மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியது. செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் எழுபது வீதத்தைத் தொட்டது. பணத்தை அச்சடிக்கும் உரிமையை ஆட்சியாளரிடமிருந்து பிடுங்கினால்தான் விமோசனம் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிடுங்கியவர்களின் கதையையும் பார்க்கவேண்டும். எக்குவடோர் 2000 இல் சொந்த நாணயத்தை விட்டு அமெரிக்க டொலருக்குப் போனது. விலைவாசி அடங்கியது, உண்மை. கடன்? 2008 இல் கட்டாமல் நிறுத்தினார்கள், 2020 இல் மறுபடி கடன்காரரிடம் போய்ப் பேச நேர்ந்தது. கிரேக்கம் யூரோவுக்குள் இருந்துகொண்டே முறிந்தது. அடுத்தவன் நாணயம் அச்சியந்திரத்தைப் பூட்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் கையைப் பூட்டாது. அச்சியந்திரத்தை மட்டும் பூட்ட வேண்டுமென்றால் உள்நாட்டுச் சட்டமே போதும். அரசுக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுக்கும் 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் செய்யப் பார்க்கிறது.

சாதாரண சனத்துக்கு நாணயக் கொள்கை விளங்குமா, அதை வாக்குக்கு விடலாமா என்று கேட்போரும் உண்டு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்குத் தாவியது. மன்னார்க் கரையின் சிறு படகுகளின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. கடலுக்குப் போனால் எரிபொருட் செலவுக்காவது மீன் படுமா என்று கரையிலேயே கணக்குப் போட்டுப் படகை இழுத்துவைத்த கடற்றொழிலாளிக்கு மாற்று விகிதம் என்றால் என்ன என்று புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. டென்மார்க் 2000 செப்டெம்பரில் யூரோவைப் பற்றி மக்களைக் கேட்டது: 53.2 வீதம் வேண்டாம். சுவீடன் 2003 செப்டெம்பரில் கேட்டது: ஏறத்தாழ 56 வீதம் வேண்டாம். இரண்டு இடத்திலும் அரசும் பெரும் முதலாளிகளும் யூரோவின் பக்கம் நின்றார்கள், தோற்றார்கள். பொருளாதாரம் குடி முழுகிப் போகவில்லை. டென்மார்க் தன் குரோனை யூரோவோடு இறுகக் கட்டித்தான் வைத்திருக்கிறது, அப்படியானால் அந்த வாக்கெடுப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். கட்டியது அவர்கள் கை, அவிழ்க்கவும் அவர்கள் கையால் முடியும்.

சுவீடனில் இன்னொன்றும் தெரிந்தது. தலைநகர் ஸ்டொக்ஹோம் யூரோ வேண்டும் என்றது. வட மாவட்டங்கள் பெருவாரியாக வேண்டாம் என்றன. ஒரே நாட்டுக்குள் ஒரு நாணயம் எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இலங்கைக்கு இது நன்றாகவே பழகிய சிக்கல். நாடு முழுவதும் நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22 இல், தேர்தல் வைக்காமல் நாடாளுமன்றத்தை ஆறு ஆண்டு நீட்டுவதற்காக நடந்தது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது வாக்கு பானைக்கு விழுந்தது. நாட்டுக் கணக்கில் 54.7 வீதத்தோடு விளக்கு வென்றது. அரசியலமைப்பின் 86 ஆம் உறுப்புரைப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாகத் தான் கருதும் எதையும் சனாதிபதி மக்கள் முன் வைக்கலாம். கேள்வியை எப்படி எழுதுவது என்பதும் அவர் தரப்பின் கையில் இருக்கும், அபாயம் அங்கேதான். 'இந்திய ரூபாய் வேண்டுமா?' என்று இரண்டு சின்னங்களை அச்சிட்டுக் கேட்டால் அது நாட்டுப்பற்றுச் சண்டையாக முடியும். கேட்கவேண்டியது மேசையில் ஆசனம் உண்டா என்பதை. ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆளுநர் சபையில் யூரோ நாடு ஒவ்வொன்றின் மத்திய வங்கி ஆளுநருக்கும் ஓர் ஆசனம் உண்டு. மும்பையில் ரிசர்வ் வங்கியின் வட்டி முடிவுக் குழுவில் இலங்கைக்கு அப்படி ஓர் ஆசனம் எழுதித் தரப்படுமா என்பதை வாக்காளர் முன்கூட்டியே பார்க்கவேண்டும். மாற்று விகிதமும் சீட்டிலேயே இருக்கவேண்டும். சந்தையில் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் போகும் நாளில் நான்கு என்று வைத்து மாற்றினால் வங்கியில் சேமிப்பு வைத்தவர் இழப்பார். நகையை அடகு வைத்து ஒரு இலட்சம் வாங்கி வலை எடுத்தவரின் கடன் குறையும். மூன்று என்று வைத்தால் இருவர் கணக்கும் தலைகீழாகும்.