பழைய போர்விமானத்தில் புது மென்பொருள்

“கைபேசிச் செயலிக்கு வாரந்தோறும் புதுப் பதிப்பு வருகிறது, போர்விமானத்துக்கு மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் ஆகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

1974-இல் முதலில் பறந்த எஃப்-16 இன்றும் பல நாடுகளில் பணியில் இருக்கிறது. அதன் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவது 1553 என்ற டேட்டா பஸ்ஸில். வேகம் நொடிக்குப் பத்து லட்சம் பிட்தான். வீட்டு வைஃபைகூட இதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அதன் ஒழுங்கு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. எங்கள் கணக்கு வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய வகுப்பில் யாரும் வாய் திறக்க முடியாது. இங்கும் அதே சட்டம். கட்டுப்படுத்தும் கணினி கேட்டால்தான் ரேடார் பேசும். இன்று புழங்கும் ‘பி’ வடிவத்தில் 12 மைக்ரோநொடிக்குள் பதில் தொடங்கியாக வேண்டும். பதிலின் ஒவ்வொரு சொல்லிலும் 16 பிட் செய்தி, முன்னால் ஓர் அடையாளம், கடைசியில் பிழை பார்க்க ஒரு பிட். ஒரு தடவைக்கு 32 சொல், அதற்கு மேல் கிடையாது. எது எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

சிக்கலும் இங்கேதான். பழைய நிரல் ஒரே கட்டியாக எழுதப்பட்டது. ஒரு மூலையைத் தொட்டால் இந்த நேரக் கணக்கு வேறெங்கோ பிசகலாம். அதனால் முழுவதையும் மறுபடி சோதிக்கிறார்கள். அந்தச் செலவுக்குப் பயந்து மாற்றங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக வெளியிடுகிறார்கள்.

சிறிது மாற்று, உடனே சோதி, அடுத்ததற்குப் போ என்பது புதிய முறை. அதற்கு முதலில் கட்டியை உடைக்க வேண்டும். 2019-இல் அமெரிக்காவின் ஹில் விமானப்படைத் தளத்தில் ஒரு குழு, எஃப்-16-இன் பழைய வன்பொருளிலேயே குபெர்னெட்டிஸை 45 நாளில் ஓட்டிக் காட்டியது. நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் அடைத்து நிர்வகிக்கும் மென்பொருள் அது; ஒன்றைக் கழற்றி மாற்றினாலும் பக்கத்தில் இருப்பது அசையாது. மறு ஆண்டு அக்டோபரில், 1955-இல் முதலில் பறந்த யூ-2 வகை உளவு விமானம் ஒன்றில், இலக்கை அடையாளம் காணும் நிரலை வானில் பறக்கும்போதே புதுப்பித்தார்கள்.

இந்தச் செய்திகளுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது டெஸ்ட் ரிக்குக்குக் கிடைக்க வேண்டும். விமானத்தின் அசல் பெட்டிகளை மேசைமேல் பரப்பி, கம்பி பூட்டி, பறப்பதாக நம்பவைக்கும் கூடம் அது. நிதி குறைந்தால் முதல் வெட்டு அங்கேதான் விழுகிறது. அது இல்லாமல் வேகத்தை மட்டும் கேட்பது விமானியின் உயிரோடு விளையாடுவது. 2007 பிப்ரவரியில் ஹவாயிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பிய எஃப்-22 விமானங்கள், அன்றைக்குப் புத்தம் புதியவை, சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்ததும் மென்பொருள் பிழையால் வழிகாட்டும் கருவிகளை இழந்தன. உடன் பறந்த, வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களைப் பின்தொடர்ந்து திரும்பின. அந்தக் கோட்டை ரிக்கில் ஒருமுறை கடக்கவைத்துப் பார்த்திருக்கலாம்.